'525 மடங்கு' டெலஸ்கோப் பரணில் தூங்குதா? மாற்ற வேண்டியது டெலஸ்கோப்பை அல்ல, ஐபீஸை!

சேலத்தில் எங்க வீட்டு மொட்டை மாடியில் நடந்த கதை இது. அக்கா பையன் பிறந்தநாளுக்கு ஆன்லைனில் ஒரு டெலஸ்கோப் வாங்கினேன். பெட்டியில் கொட்டை எழுத்தில் '525 மடங்கு' என்று போட்டிருந்தது. அன்னைக்கு ராத்திரியே மாடிக்குத் தூக்கிட்டுப் போனோம். இருப்பதிலேயே 'பவர்' அதிகமான லென்ஸை மாட்டி, சனி கிரகத்தைத் தேடினோம். அரை மணி நேரம் தேடியும் கலங்கிய வெளிச்சம் மட்டும்தான்.

"மாமா, ஒண்ணுமே தெரியலையே" என்றான். எனக்கும்தான் தெரியலை. மூணாவது நாள் டெலஸ்கோப் பரணுக்குப் போயிடுச்சு.

ஒரு வருஷம் கழித்து நாமக்கல்லில் இருந்து வந்த நண்பன், தன்னிடம் இருந்த 9 மி.மீ. ஐபீஸை அதில் மாட்டினான். அதே டெலஸ்கோப், அதே மாடி. சின்னதாக, ஆனால் வளையத்தோடு சனி தெரிந்தது. பையன் பத்து நிமிஷம் கண்ணை எடுக்கவே இல்லை.

அதனால்தான் சொல்றேன்: புது டெலஸ்கோப்புக்குப் பணம் சேர்ப்பதற்கு முன், நல்ல ஐபீஸ் ஒன்றோ இரண்டோ வாங்குங்கள். அதுவும் 'பவர்' குறைந்ததில் இருந்து தொடங்குங்கள்.

பெட்டிமேல் போடும் கணக்கு என்ன?

நாம் கண் வைத்துப் பார்க்கும் சின்ன லென்ஸ் குழல்தான் ஐபீஸ். டெலஸ்கோப்பின் குவியத்தூரத்தை ஐபீஸின் குவியத்தூரத்தால் வகுத்தால் எத்தனை மடங்கு என்று தெரியும். ஐபீஸில் உள்ள எண் சிறிதாக இருந்தால் 'பவர்' அதிகம்.

பலர் வீட்டில் இருப்பது '70/700' வகை. முன் லென்ஸின் விட்டம் 70 மி.மீ., குவியத்தூரம் 700 மி.மீ. இதோடு பெரும்பாலும் 'எஸ்.ஆர். 4' என்ற 4 மி.மீ. ஐபீஸும், 3 மடங்கு பார்லோ லென்ஸும் தருவார்கள். 700-ஐ 4-ஆல் வகுத்தால் 175. பார்லோ போட்டால் 525. கணக்கு சரி. ஆனால் அதில் எதுவும் தெரியாது.

ஏன்? முன் லென்ஸின் விட்டத்தை மி.மீ.-இல் எடுத்து இரண்டால் பெருக்குங்கள். அதுதான் பயனுள்ள உருப்பெருக்கத்தின் உச்சம். 70 மி.மீ.-க்கு 140. அதைத் தாண்டினால் படம் பெரிதாகும், விவரம் கூடாது. உருப்பெருக்கம் இரண்டு மடங்கானால் வெளிச்சமும் நான்கில் ஒரு பங்காகிவிடும்.

இன்னொரு விஷயம், எஸ்.ஆர். என்றால் ராம்ஸ்டன் வகை. எச் என்று போட்டிருந்தால் ஹைகன்ஸ். முதலாவது 18-ஆம் நூற்றாண்டு வடிவமைப்பு, இரண்டாவது 17-ஆம் நூற்றாண்டு. இரண்டிலும் பார்வைப் புலம் குறுகல், ஒரு குழாய்க்குள் எட்டிப் பார்ப்பது மாதிரி இருக்கும்.

நம்ம ஊர் உதாரணம் ஒன்று. கல்யாணத்தில் அருந்ததி காட்டுவார்களே, அந்த அருந்ததியையும் பக்கத்தில் உள்ள வசிட்டரையும் ஏப்ரல், மே மாத மாலைகளில் வடக்கு வானில் பார்க்கலாம். எஸ்.ஆர். 4 போட்டால் இந்த ஜோடி ஒரே பார்வையில் அடங்குவதே கஷ்டம். 9 மி.மீ. போட்டால் இரண்டும் தாராளமாக அடங்கும். கூடவே, வசிட்டரே இரண்டு நட்சத்திரம் என்பதும் பிரிந்து தெரியும்.

'பவர்' இல்லாமல் கண்டுபிடித்த வளையம்

ஜவ்வாது மலையில் ஆலங்காயம் பக்கம் இருக்கிறது காவலூர் வான் ஆய்வகம். 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தைக் கடந்தது. கிரகம் மறைப்பதற்கு முன்பே நட்சத்திரத்தின் ஒளி சட்டென்று குறைந்து மீண்டது. யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு என்பது அப்படித்தான் உலகத்துக்குத் தெரிந்தது. அதைப் பதிவு செய்த இடங்களில் காவலூரும் ஒன்று. அங்கே 1 மீட்டர் டெலஸ்கோப்பில் ஒளியை அளக்கும் கருவியைப் பொருத்தியிருந்தார்கள். வளையத்தை யாரும் பெரிதாக்கிப் பார்க்கவில்லை, ஒளியைத்தான் கவனித்தார்கள்.

நமக்கும் அதுவே பாடம். முன் லென்ஸ் சேர்த்துத் தரும் ஒளியைக் கெடுக்காமல் கண்ணுக்குக் கொண்டு வருவதுதான் ஐபீஸின் வேலை.

சரி, எதை வாங்கலாம்?

முதலில் 25 மி.மீ. ப்ளோசல். 70/700-இல் 28 மடங்கு தரும். முழு நிலாவைப் போல மூன்றரை மடங்கு அகலமான வானம் ஒரே பார்வையில் கிடைக்கும். கார்த்திகை நட்சத்திரக் கூட்டம் முழுசாக அடங்கும். வியாழனின் நான்கு பெரிய நிலாக்களும் தெரியும். உங்கள் பெட்டியிலேயே 'கே 25' இருந்தால் இதை இப்போதைக்கு விட்டுவிடலாம். அது கெல்னர் வகை, மோசமில்லை.

அடுத்தது 9 மி.மீ., 66 டிகிரி புலம் உள்ளது. உடம்பில் தங்க நிறக் கோடு போட்டு, பல பிராண்ட் பெயர்களில் விற்கும் சீனத் தயாரிப்பு. 78 மடங்கு தரும். சனியின் வளையம், நிலாவின் பள்ளங்கள், வியாழனின் பட்டைகளுக்கு இது போதும். குவியத்தூரம் குறைந்த ரிஃப்ளெக்டர் டெலஸ்கோப்பில் மட்டும் ஓரங்களில் நட்சத்திரம் கொஞ்சம் இழுபடும்.

6 மி.மீ., பார்லோ எல்லாம் அப்புறம். 6 மி.மீ. தரும் 117 மடங்கு நல்ல இரவுகளுக்குத்தான். 9 மி.மீ.-இல் 2 மடங்கு பார்லோ போட்டால் 156. அதாவது மறுபடியும் பெட்டி சொன்ன பொய்க்கே திரும்பிப் போகிறோம்.

ஆர்டர் போடும் முன் ஐபீஸ் நுழையும் குழலை ஸ்கேலால் அளந்துவிடுங்கள். 31.7 மி.மீ. என்றால் 1.25 அங்குலம், அதுதான் இன்று பொது அளவு. 24.5 மி.மீ. என்றால் பழைய வகை, இவை பொருந்தாது.

கண்ணாடி போடுபவரா? கிட்டப்பார்வை, தூரப்பார்வை மட்டும் என்றால் கழற்றிவிட்டு ஃபோகஸ் செய்யலாம். சிலிண்டர் பவர் அதிகம் இருந்தால் கண்ணாடியோடுதான் பார்க்க வேண்டும். 10 மி.மீ. ப்ளோசலில் கண்ணை லென்ஸுக்கு 7 மி.மீ. அருகே கொண்டு போக வேண்டியிருக்கும், கண்ணாடி இடிக்கும். தங்கக் கோடு 9 மி.மீ.-இல் சுமார் 15 மி.மீ. இடம் கிடைக்கும்.

காசில்லாமல் கிடைக்கும் அப்கிரேட்

நம்ம சமவெளியில் பகல் முழுக்க வெயில் குடித்த மாடித் தளம் ராத்திரி அந்தச் சூட்டைக் கக்கும். காற்று அலைபாயும், சனியும் கூடவே ஆடும். பத்து மணிக்கு மேல் பாருங்கள், வித்தியாசம் தெரியும். அரை மணி நேரம் முன்பே டெலஸ்கோப்பை வெளியே வைத்துவிடுங்கள். தேடு குழலைப் பகலிலேயே கஞ்சமலை உச்சியையோ தூரத்து செல்போன் டவரையோ வைத்துச் சரி செய்துகொள்ளுங்கள். கொல்லிமலைக்கோ ஏற்காட்டுக்கோ எடுத்துப் போனால் லென்ஸில் பனி படியும். சட்டையால் துடைக்காதீர்கள், தானாக உலர விடுங்கள்.

ஒன்று மட்டும் கட்டாயம். ஐபீஸில் திருகும் 'சன் ஃபில்டர்' பெட்டியில் இருந்தால் இன்றே உடைத்துக் குப்பையில் போடுங்கள். சூரிய வெப்பம் குவியும் இடத்தில் அது விரிசல் விட்டால் கண் போய்விடும்.

பெரிய டெலஸ்கோப்பே வாங்கிடலாமே?

நியாயமான கேள்விதான். ஸ்டாண்டு தொட்டாலே ஆடுகிறது என்றால் எந்த ஐபீஸும் உங்களைக் காப்பாற்றாது, முதலில் அதைச் சரி செய்யுங்கள். மற்றபடி, 1.25 அங்குல ஐபீஸ் அடுத்த டெலஸ்கோப்புக்கும் உங்களோடு வரும். சில ஆயிரம் ரூபாயில் முடிகிற விஷயம், வீணாகாது.

எனக்குக் கோபம் பெட்டிமேல் போடும் அந்த எண் மேல்தான். விட்டத்தைச் சின்னதாகவும் 525-ஐப் பெரிதாகவும் அச்சடிப்பது வெறும் விளம்பரத் தந்திரம் இல்லை. முதல் ராத்திரி ஏமாந்த பிள்ளை "வானத்துல ஒண்ணும் இல்லை" என்று முடிவு கட்டிவிடுகிறது. விற்பவர்கள் பயனுள்ள உச்ச உருப்பெருக்கத்தைப் பெட்டிமேல் போட வேண்டும். அதுவரை நாம்தான் கணக்குப் போட வேண்டும்.

இந்த வாரம் பரணில் ஏறி, டெலஸ்கோப்பைக் கீழே இறக்குங்கள். எஸ்.ஆர். 4-ஐ மட்டும் அங்கேயே விட்டுவிடுங்கள்.