யாருடைய பாட்டை ஸ்டேட்டஸில் வைக்கிறோம்?

2012 நவம்பர் 7 அன்று தருமபுரி மாவட்டம் நாயக்கன்கொட்டாயை ஒட்டிய நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி குடியிருப்புகளில் இருநூறுக்கும் மேற்பட்ட தலித் வீடுகள் சூறையாடப்பட்டு எரிக்கப்பட்டன. இளவரசனும் திவ்யாவும் காதலித்து மணந்ததுதான் ஆதிக்கச் சாதி வெறிக்குக் கிடைத்த சாக்கு. 2013 ஜூலை 4 அன்று இளவரசன் ரயில் தண்டவாளத்தருகே பிணமாகக் கிடந்தார். அப்போது பள்ளிக்குப் போன பிள்ளைகள் இன்று இருபது வயதைக் கடந்தவர்கள். அவர்கள் கையில் இருக்கும் செல்போனில் எந்தப் பாட்டு ஓடுகிறது என்பது இம்மாவட்டத்தைப் பொறுத்தவரை பொழுதுபோக்குக் கேள்வி அல்ல. அது அரசியல் கேள்வி.

2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதல் கச்சேரியை நடத்தியது. பா. இரஞ்சித்தும் டென்மாவும் உருவாக்கிய இக்குழுவில் சாவு வீட்டோடு ஒதுக்கப்பட்ட பறையும் கானாவும் ராப்போடு ஒரே மேடை ஏறின. இடஒதுக்கீடும் மாட்டுக்கறியும் பாட்டாயின. சபாக்காரர்களின் அழைப்புக்கு அவர்கள் காத்திருக்கவில்லை. யூடியூப் வழியாக அப்பாட்டுகள் அரூருக்கும் பாப்பிரெட்டிப்பட்டிக்கும் வந்து சேர முடிந்தது. டிஜிட்டல் ஊடகம் கலைக்குச் செய்த நன்மை இது.

அதே குழாயில் சாக்கடையும் வருகிறது. 2015இல் கோகுல்ராஜைக் கொன்ற வழக்கில் தேடப்பட்ட யுவராஜ், தலைமறைவாக இருந்தபடியே வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினார். அதைப் பகிர்ந்து அவரை நாயகனாக்க ஒரு ரசிகர் கூட்டம் இருந்தது. சாதிப் பெருமை பேசும் பாட்டுகளும் இப்படித்தான் பரவுகின்றன. நீங்கள் ரசித்துப் பார்த்தீர்களா, கொதித்துப் பார்த்தீர்களா என்று அல்காரிதம் கேட்பதில்லை. எவ்வளவு நேரம் பார்த்தீர்கள் என்பதைப் பெரிதும் கணக்கில் கொள்கிறது. திட்டுவதற்காகப் பகிர்ந்தாலும் அந்தப் பாட்டுக்கு வியூஸ் கூடும்.

நம் பாட்டு வென்றாலும் சிக்கல் தீர்வதில்லை. 2021 மார்ச்சில் வெளியான 'எஞ்சாய் எஞ்சாமி'யில் அறிவு தன் பாட்டி வள்ளியம்மாளின் தேயிலைத் தோட்ட வாழ்வையும் நிலமற்றவர்களின் வரலாற்றையும் கொண்டுவந்தார். உலகம் ஆடியது. அதே ஆண்டு ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் தீ இருந்தார், அறிவு இல்லை. இரஞ்சித்தும் ரசிகர்களும் கேள்வி எழுப்பிய பிறகே அறிவின் படத்தோடு தனி டிஜிட்டல் அட்டை வந்தது. 2022 ஜூலையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அவர் இல்லாமலே அப்பாட்டு அரங்கேறியது. யாருடைய பங்கு எவ்வளவு என்பதில் அறிவுக்கும் சந்தோஷ் நாராயணனுக்கும் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் கோடிக்கணக்கில் பார்க்கப்பட்ட அப்பாட்டால் தங்களுக்கு வருமானமே வரவில்லை என்று 2024இல் சந்தோஷ் நாராயணனே பொதுவெளியில் சொன்னார். சபாவின் கதவு திறந்துவிட்டது என்று நாம் கொண்டாடியபோது, கல்லாப்பெட்டிச் சாவி வேறொருவர் கையில் இருந்திருக்கிறது.

இதில் ரசிகருக்கு ஒரு பாடம் இருக்கிறது. வியூஸை ஏற்றிவிடுவதோடு ரசிகரின் வேலை முடிந்துவிடவில்லை. அட்டைப்படத்தை மாற்ற வைத்தது ரசிகர்களும் சேர்ந்து எழுப்பிய கேள்விதான். பாட்டை எழுதியவர் யார், அடித்தவர் யார், பணம் யாருக்குப் போகிறது என்று கேட்பதும் ரசனையின் பகுதிதான்.

அதை நம் ஊரிலேயே தொடங்கலாம். தருமபுரி மாரியம்மன் திருவிழாக்களில் பம்பையும் பறையும் அடிப்பவர்களை ரீல்ஸாக எடுத்துப் போடுகிறோம். 'மரண மாஸ்' என்று எழுதுகிறோம், அடித்தவர் பெயரை எழுதுவதில்லை. இனி எழுதுவோம். தெரியாவிட்டால் அவரிடமே கேட்போம். விடிய விடிய அடித்ததற்கு என்ன கூலி கொடுத்தார்கள், எங்கே உட்கார வைத்துச் சோறு போட்டார்கள் என்பதையும் கேட்போம். அவர் எந்தத் தெருவிலிருந்து வந்தார், அந்தத் தெருவுக்குள் நாம் எத்தனை முறை போயிருக்கிறோம் என்பதும் அப்போது தெரிந்துவிடும்.