வீடியோ திணறுகிறதா? கம்ப்யூட்டரை மாற்றும் முன் பைலைப் பாருங்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான். "மொபைல் போனில் எடுத்த வீடியோ போனில் அழகாக ஓடுகிறது. அதையே கம்ப்யூட்டரில் போட்டால் விட்டு விட்டு ஓடுகிறது. குரல் ஒரு பக்கம் போகிறது, படம் ஒரு பக்கம் நிற்கிறது. உள்ளங்கை அளவு போனால் முடிவது, மேஜை மேல் இருக்கும் இவ்வளவு பெரிய பெட்டியால் ஏன் முடியவில்லை?"

நியாயமான கேள்வி. ஆனால், இதற்குக் கிடைக்கும் பதில்கள்தான் நியாயமாக இல்லை. "ராம் போதாது, இன்னும் 8 ஜி.பி. போடுங்கள்" என்கிறார் ஒருவர். "ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. மாற்றுங்கள்" என்கிறார் இன்னொருவர். "இது பழைய மாடல், புதிதாக வாங்கிவிடுங்கள்" என்று முடிக்கிறார் மூன்றாமவர். இந்த மூன்றிலும் செலவு உங்களுடையது. மூன்று பேருமே அந்த வீடியோ பைலுக்குள் என்ன இருக்கிறது என்று ஒரு முறை கூடத் திறந்து பார்த்திருக்க மாட்டார்கள். இந்தப் பழக்கம் தவறு என்பதே என் கருத்து. முதலில் பார்க்க வேண்டியது பைலை. கம்ப்யூட்டரை அதற்குப் பிறகுதான்.

வீடியோ ஏன் திணறுகிறது?

முதலில் ஒரு சிறிய கணக்கு. பழைய டி.வி.டி. படத்தின் ஒரு பிரேமில் 720 x 576, அதாவது 4,14,720 புள்ளிகள் இருக்கும். இன்றைய 4கே வீடியோவின் ஒரு பிரேமில் 3840 x 2160, அதாவது 82,94,400 புள்ளிகள். சரியாக 20 மடங்கு. நொடிக்கு 30 பிரேம் என்றால், ஒவ்வொரு நொடியும் ஏறத்தாழ 25 கோடி புள்ளிகளைத் திரையில் வரைந்திட வேண்டும். ஒரு பிரேமுக்குக் கிடைக்கும் நேரம் ஒரு நொடியில் 30-ல் ஒரு பங்கு மட்டுமே. அதற்குள் வேலை முடியவில்லை என்றால், பிளேயர் அந்தப் பிரேமை விட்டுவிட்டு அடுத்ததற்குத் தாவிவிடும். நம் கண்ணுக்குத் தெரியும் திணறல் இதுதான்.

இவ்வளவு புள்ளிகளையும் அப்படியே சேமித்தால் எந்த மெமரி கார்டும் தாங்காது. எனவே, கேமரா அவற்றைச் சுருக்கிப் பதிகிறது. ஒரு பிரேமை முழுதாக எழுதிவிட்டு, அடுத்து வரும் பிரேம்களில் எது மாறியதோ அதை மட்டும் குறித்து வைக்கிறது. இப்படிச் சுருக்கும், விரிக்கும் முறைக்குத்தான் கோடெக் என்று பெயர். 2003-ல் வந்த ஹெச்.264 ஒரு கோடெக். 2013-ல் வந்த ஹெச்.265 அதன் அடுத்த தலைமுறை. இதனையே ஹெச்.இ.வி.சி. என்றும் சொல்வார்கள். பின்னது ஏறத்தாழ பாதி இடத்தில் அதே தரத்தைத் தருகிறது. ஐபோனில் 4கே, 30 பிரேம் வீடியோ ஒரு நிமிடம் எடுத்தால் ஹெச்.இ.வி.சி. முறையில் 170 எம்.பி., ஹெச்.264 முறையில் 350 எம்.பி. இடம் பிடிக்கும்.

இடம் பாதியானால் யாருக்குத்தான் மகிழ்ச்சி இல்லை? ஆனால், இறுக்கிக் கட்டிய மூட்டையை அவிழ்ப்பதற்கு அதிக வேலை வேண்டும். அந்த வேலைக்கென்றே போனின் சிப்பில் தனியாக ஒரு சுற்று இருக்கிறது. உங்கள் கம்ப்யூட்டரில் அது இல்லை என்றால், பொது வேலைகளுக்கான பிராசசர் அந்தச் சுமை முழுவதையும் தலையில் தூக்க வேண்டும். அப்போதுதான் மூச்சு வாங்குகிறது. போன் ஜெயித்து கம்ப்யூட்டர் தோற்பதன் ரகசியம் இவ்வளவுதான்.

இது புதிய கதை அல்ல

சோனி, பானசோனிக் நிறுவனங்கள் 2006-ல் ஏ.வி.சி.ஹெச்.டி. என்ற முறையை அறிவித்தன. அந்த ஹெச்.டி. கேம்கார்டர்களை வாங்கியவர்கள், பென்டியம் 4 கம்ப்யூட்டரில் வீடியோவைப் போட்டுப் பார்த்து இதே குறையைத்தான் சொன்னார்கள். அந்த முறையின் அடியில் இருந்தது ஹெச்.264. பிறகு அதனை விரிக்கும் சுற்றுகள் கிராபிக்ஸ் சிப்களில் இடம் பிடித்தன. குறையும் மறைந்தது. 2017-ல் ஐ.ஓ.எஸ். 11 வந்தபோது ஐபோன் 7 மற்றும் அதற்குப் பிந்தைய போன்களில் ஹெச்.இ.வி.சி. முறையே பதிவு முறையாக அமைக்கப்பட்டது. பழைய குறை புதிய பெயரில் திரும்பி வந்தது. கேமரா முன்னால் ஓடும், கம்ப்யூட்டர் பின்னால் வரும், எப்போதும் இப்படித்தான்.

இன்டெல் பிராசசர்களில் ஹெச்.இ.வி.சி.யை முழுமையாக விரிக்கும் தனிச் சுற்று, 2015-ல் வந்த ஆறாம் தலைமுறையில் இடம் பெற்றது. நிறங்களை இன்னும் நுணுக்கமாகப் பதியும் 10 பிட் வகைக்கு ஏழாம் தலைமுறை வேண்டும். அலுவலகங்களில் ஓடிக் கழித்த மூன்றாம், நான்காம் தலைமுறை ஐ5 கம்ப்யூட்டர்களைச் சுத்தம் செய்து குறைந்த விலையில் விற்கிறார்கள். கடிதம் எழுத, இன்டர்நெட் பார்க்க, பிள்ளைகள் படிக்க அவை தாராளமாகப் போதும். போனில் எடுத்த 4கே வீடியோவைப் போட்டால்தான் அவை திணறும். அது கம்ப்யூட்டரில் கோளாறு அல்ல.

ஐந்து நிமிடச் சோதனை

காசு செலவழிக்கும் முன் கீழ்க்காணும் நான்கையும் செய்து பாருங்கள்.

1. வீடியோவைப் போனிலிருந்தோ, கேமராவிலிருந்தோ, பென் டிரைவிலிருந்தோ நேரடியாக ஓட்டாதீர்கள். கம்ப்யூட்டரின் டிரைவில் ஒரு போல்டரில் காப்பி செய்து, அங்கிருந்து இயக்கவும். கேபிள் வழியாகப் போனிலிருந்து நேராகப் பார்ப்பவர்களில் பலருக்குத் திணறல் இங்கேயே நின்றுவிடும்.

2. வி.எல்.சி. பிளேயரை அதன் அதிகாரபூர்வ இணைய தளத்திலிருந்து டவுன்லோட் செய்து இன்ஸ்டால் செய்திடவும். இது இலவசம். வீடியோ ஓடும்போது கண்ட்ரோல் கீயுடன் ஜே கீயை அழுத்தினால் ஒரு சிறிய விண்டோ கிடைக்கும். கோடெக் என்ன, அளவு என்ன, நொடிக்கு எத்தனை பிரேம் என்பதனை அதில் காணலாம். அதிலேயே ஸ்டாடிஸ்டிக்ஸ் என்ற டேபில், தவறவிட்ட பிரேம்களின் எண்ணிக்கையும் கிடைக்கும்.

3. வி.எல்.சி.யில் டூல்ஸ், ப்ரிபரன்சஸ் சென்று, இன்புட் / கோடெக்ஸ் பிரிவினைத் திறக்கவும். அங்கு ஹார்ட்வேர் டீகோடிங் என்பது ஆட்டோமேட்டிக் என இருக்கிறதா எனப் பார்க்கவும். டிசேபிள் என்று இருந்தால், சுற்று இருந்தும் அதனைப் பயன்படுத்தாமல் பிளேயர் தானே சுமக்கிறது என்று பொருள்.

4. கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறக்கவும். பெர்பார்மன்ஸ் பிரிவில் சி.பி.யு. 100 சதவீதத்தைத் தொட்டுக் கொண்டிருக்க, ஜி.பி.யு.வின் கீழ் உள்ள வீடியோ டீகோட் படம் தரையோடு படுத்திருந்தால், தனிச் சுற்று வேலை செய்யவில்லை என்பது உறுதி.

நான்காவது சோதனையில் இப்படித் தெரிந்தால் உடனே மனம் தளர வேண்டாம். டிவைஸ் மேனேஜரைத் திறந்து, டிஸ்பிளே அடாப்டர்ஸ் என்பதில் பாருங்கள். உங்கள் கிராபிக்ஸ் சிப்பின் பெயருக்குப் பதிலாக மைக்ரோசாப்ட் பேசிக் டிஸ்பிளே அடாப்டர் என்று இருந்தால், சரியான டிரைவர் போடப்படவில்லை. விண்டோஸை மறுபடி இன்ஸ்டால் செய்து கொடுக்கும் இடங்களில் இது அடிக்கடி விட்டுப்போகும் வேலை. கம்ப்யூட்டர் அல்லது சிப் தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்து டிரைவரை இறக்கிப் பதிந்தால், ஒரு ரூபாய் செலவில்லாமல் வீடியோ ஓடலாம்.

லேப்டாப் என்றால் இன்னொன்று. பேட்டரி சேவர் இயக்கத்தில் இருக்கையில் பிராசசர் வேகத்தைக் குறைத்துக் கொள்ளும். சார்ஜரைச் செருகி ஒரு முறை ஓட்டிப் பாருங்கள்.

ராமும் எஸ்.எஸ்.டி.யும் எங்கே உதவும்?

4 ஜி.பி. ராம் வைத்துக் கொண்டு, பிரவுசரில் இருபது டேப்களைத் திறந்து வைத்திருப்பவருக்குக் கூடுதல் ராம் உதவும். 8 ஜி.பி. இருந்து, அதில் பாதி காலியாகவே இருக்கிறது என்றால், இன்னும் 8 ஜி.பி. சேர்த்தாலும் வீடியோவில் மாற்றம் இருக்காது. எஸ்.எஸ்.டி. போட்டால் கம்ப்யூட்டர் சீக்கிரம் எழுந்திருக்கும். அதற்காக நானே பரிந்துரைப்பேன். ஆனால், நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதிவான 4கே வீடியோவைப் படிக்க நொடிக்கு 12.5 எம்.பி. போதும். நல்ல நிலையில் உள்ள சாதாரண ஹார்ட் டிஸ்க்கே அதனைப் போலப் பல மடங்கு வேகத்தில் படிக்கும். டிஸ்க் இங்கு குற்றவாளி அல்ல.

"அப்படியானால் விலை கூடிய புது மெஷின் வாங்கினால் தீர்ந்தது" என்று நினைப்பவர்களுக்கும் ஒரு செய்தி. இன்றைய உயர்ரகக் கேமராக்கள் பல, 4:2:2 10 பிட் என்ற வகை ஹெச்.265 வீடியோவையும் பதிகின்றன. இன்டெல் பதினோராம் தலைமுறைப் பிராசசரோடு ஒட்டி வரும் சிறிய கிராபிக்ஸ் சிப் அதனை விரித்துவிடும். என்விடியாவின் கார்டுகளுக்கோ, 2025 ஜனவரியில் விற்பனைக்கு வந்த ஆர்.டி.எக்ஸ். 50 வரிசையில்தான் அந்தத் திறன் கிடைத்தது. அதற்கு முன் எத்தனை ஆயிரம் கொடுத்து வாங்கிய கார்டிலும் இல்லை. 2025-லேயே இன்னொரு செய்தியும் வந்தது. ஹெச்.பி., டெல் நிறுவனங்கள் தங்கள் அலுவலக லேப்டாப்களில் சில மாடல்களில், சிப்பில் இருக்கும் ஹெச்.இ.வி.சி. வசதியை முடக்கி விற்றன. ஆகவே, புதுசு என்பதும் விலை என்பதும் உத்தரவாதம் அல்ல. அந்தக் குறிப்பிட்ட வேலைக்கான சுற்று இருக்கிறதா, இயங்குகிறதா என்பதே கேள்வி.

செய்யக் கூடாத இரண்டு

படம் வராமல் சத்தம் மட்டும் கேட்டால், கோடெக் இல்லை என்று பொருள். படம் வந்து திணறினால், கோடெக் இருக்கிறது, பலம் போதவில்லை என்று பொருள். இந்த வேறுபாடு தெரியாமல் "இலவச கோடெக் பேக்" என்று கண்ணில் பட்டதையெல்லாம் இறக்காதீர்கள். வீடியோ ஓடுகிறதோ இல்லையோ, வைரஸ் வந்து சேரலாம். விண்டோஸின் சொந்த பிளேயர் ஹெச்.இ.வி.சி.க்குத் தனியாக ஒரு நீட்சியை மைக்ரோசாப்ட் ஸ்டோரில் வாங்கச் சொல்லும். வி.எல்.சி. தனக்கு வேண்டியதைத் தன்னுள்ளேயே வைத்திருப்பதால் அந்தச் செலவும் தேவையில்லை.

இரண்டாவது இன்னும் முக்கியமானது. வீடியோவைச் சிறியதாக மாற்றிவிட்டு, ஒரிஜினலை அழித்துவிடாதீர்கள். ஹேண்ட்பிரேக் என்ற இலவச சாப்ட்வேர் மூலம் 1080 அளவில் ஹெச்.264 நகல் ஒன்று தயாரித்துக் கொள்ளலாம். பழைய கம்ப்யூட்டரிலும் அது தடையின்றி ஓடும். ஆனால், அது பார்ப்பதற்கான நகல் மட்டுமே. சுருக்கும்போது போன நுணுக்கத்தை எந்த சாப்ட்வேராலும் திரும்பக் கொண்டு வர முடியாது. ஒரிஜினலை வெளி ஹார்ட் டிஸ்க்கில் பத்திரப்படுத்துங்கள். முடிந்தால் இரண்டு இடங்களில்.

இதே காரணத்தால்தான், "கம்ப்யூட்டர் தாங்கவில்லை, கேமராவைக் குறைந்த தரத்தில் வையுங்கள்" என்ற அறிவுரையையும் நான் ஏற்பதில்லை. இன்று திணறும் கம்ப்யூட்டரை மூன்று ஆண்டுகளில் நீங்களே மாற்றிவிடுவீர்கள். குழந்தை முதல் அடி எடுத்து வைத்ததையோ, பாட்டி பேசிச் சிரித்ததையோ மறுபடி படம் பிடிக்க முடியாது. மெமரியில் இடம் நிறைய இருந்தால் ஐபோனில் செட்டிங்ஸ், கேமரா, பார்மட்ஸ் சென்று மோஸ்ட் கம்பாட்டிபிள் என்பதனைத் தேர்ந்தெடுக்கலாம். 4கே அளவு அப்படியே இருக்கும், ஹெச்.264 முறையில் பதியும். பைல் பெரிதாகும், நொடிக்கு 60 பிரேம் 4கே மட்டும் கிடைக்காது. ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றிலும் கேமரா செட்டிங்ஸில் இது போன்ற தேர்வு உண்டு.

வரவேற்பறையில் 4கே டி.வி. இருக்கிறதா? பென் டிரைவில் காப்பி செய்து அதில் செருகிப் பாருங்கள். ஹெச்.இ.வி.சி.யை விரிக்கும் சுற்று அத்தகைய டி.வி.க்களில் பொதுவாக இருக்கும். பென் டிரைவ் பேட்32 முறையில் இருந்தால் 4 ஜி.பி.க்கு மேற்பட்ட பைலை ஏற்காது, டி.வி. ஏற்குமானால் எக்ஸ்பேட் முறையில் பார்மட் செய்து கொள்ளவும்.

என் கோரிக்கை

போனின் பெட்டியில் எத்தனை மெகா பிக்சல் என்று பெரிய எழுத்தில் அச்சிடுகிறார்கள். கம்ப்யூட்டர் விளம்பரத்தில் எத்தனை ஜி.பி. ராம் என்று போடுகிறார்கள். இந்தக் கேமரா எந்தக் கோடெக்கில் பதிகிறது, இந்தக் கம்ப்யூட்டர் எந்தக் கோடெக்கைச் சிரமமின்றி விரிக்கும் என்று இரண்டு வரி போட்டால், பாதிப் பேருக்குக் குழப்பமே வராது. அந்த இரண்டு வரிகள் வரும்வரை நம் பாதுகாப்பை நாமே பார்த்துக் கொள்ள வேண்டியதுதான்.

எனவே, அடுத்த முறை கம்ப்யூட்டர் வாங்கச் செல்கையில், புதியதோ பழையதோ, உங்கள் கேமராவில் நீங்களே எடுத்த ஒரு வீடியோவைப் பென் டிரைவில் கொண்டு செல்லுங்கள். அந்த மெஷினில் காப்பி செய்து, உங்கள் கண் முன்னால் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். அது தடையின்றி ஓடினால் பணத்தை எடுங்கள். ஓட்டிக் காட்டத் தயங்கினால், அடுத்த கடைக்கு நடந்து விடுங்கள்.