கூலி வேற, இனாம் வேற

டிப்ஸ்ங்கற வார்த்தை எங்க பக்கம் வந்து ரொம்ப வருஷம் ஆகல. ஆனா அந்தக் காசு எப்பவும் இருந்துச்சு. டீக்காசு, பீடிக்காசு, வெத்தலபாக்குக் காசு, பேட்டா, இனாம், தீபாவளிக் காசுன்னு எடத்துக்கு ஒரு பேரு. லீவுக்கு ஊருக்கு வர்ற சொந்தக்காரப் பிள்ளைக இதப் பத்திப் பேசி சண்ட போட்டுக்கறதக் கேட்டிருக்கேன். "சம்பளம் வாங்கித்தான வேலை பாக்குறாங்க, மேல எதுக்கு குடுக்கணும்?"னு ஒருத்தர். "இருபது ரூபாயில நாம என்ன கொறஞ்சா போயிருவோம்?"னு இன்னொருத்தர்.

ரெண்டு பேரும் நல்லவங்கதான். ஆனா ரெண்டு பேரும் தன் பாக்கெட்டப் பத்தித்தான் பேசுறாங்க. வாங்குறவருக்குச் சேர வேண்டிய கூலிய யார் தரணும், அது முழுசா வந்துச்சான்னு கேக்கறதில்ல. அத மொதல்ல கேட்டாத்தான், நாம மேல குடுக்கற காசு நல்ல காசா கெட்ட காசான்னு தெரியும்ங்கறது என் கருத்து.

வயக்காட்டுல இருந்தே ஆரம்பிக்கிறேன். தை, மாசியில சம்பா அறுப்புக்கு மிஷின் வரும். வாடகை மணிக்கணக்கு. அது மிஷின்காரருக்குப் போகும். டிரைவருக்கு அவரு சம்பளமும் பேட்டாவும் குடுப்பாரு. வயல் முடிஞ்சதும் நாங்களும் டிரைவர் தம்பிக்கு நூறோ இருநூறோ குடுப்போம். மூலையில கதிர விடாம, வைக்கோல் நீளமா விழுகுற மாதிரி தாழ்த்தி அறுத்திருந்தா மனசு நெறஞ்சு குடுப்போம். இது இனாம். வேலை முடிஞ்சிருச்சு, கூலி பேசுனபடி போயிருச்சு, அதுக்கு மேல இது சந்தோஷம். குடுக்கலன்னாலும் அவரு கோவிச்சுக்க முடியாது.

இப்ப இதே நூறு ரூபாய மாத்திக் குடுத்துப் பாருங்க. மானம் இருட்டிக்கிட்டு வருது, ஊருல ஒரே ஒரு மிஷின் நிக்குது. ஒருத்தர் போயி டிரைவர் கையில முன்னாடியே காச வச்சு, "தம்பி, மொதல்ல நம்ம வயலு"ங்கறாரு. காசு வைக்க முடியாதவர் வயல் கடைசிக்குப் போகுது. மழை வந்தா அவரு நெல்லுதான் முளைக்கும். ரூபாய் அதேதான், கை மாறுன நேரந்தான் வேற. முன்னாடி குடுத்த காசு அடுத்தவன் முறையப் புடுங்கிருச்சு.

இது எங்க ஊரு சங்கதி மட்டும்னு நினைக்காதீங்க. உங்க ஊருல கார் கூப்பிடுற செயலியில, வண்டி வர்றதுக்கு முன்னாடியே டிப்ஸ் போடுங்க, சீக்கிரம் வண்டி கிடைக்கும்னு ஒரு பொத்தான் வந்துச்சுல்ல? 2025 மே மாசம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஊபருக்கு நோட்டீஸ் அனுப்புனது அதுக்குத்தான். எங்க மிஷின் கதையும் உங்க கார் கதையும் ஒண்ணுதான்.

கொள்முதல் நிலையத்துக்கு நெல்லு போட்டவங்களுக்கு இன்னும் நல்லாப் புரியும். நாப்பது கிலோ மூட்டைக்கு நாப்பது, அம்பதுன்னு விவசாயிகிட்ட வாங்குறாங்கன்னு டெல்டா முழுக்கப் புகார் இருக்கு. பேப்பர்லயும் வருஷா வருஷம் வருது. அம்பது மூட்ட போட்டா மூட்டைக்கு நாப்பது வச்சாலும் ரெண்டாயிரம் போச்சு. கேட்டா, "சந்தோஷமாக் குடுக்குறதுதான"ங்கறது. ஈரப்பதம்னு சொல்லித் திருப்பி அனுப்பிருவாங்களோன்னு பயந்து குடுக்கற காசுல சந்தோஷம் எங்கேருந்து வரும்?

ஆனா அதோட நிறுத்திட்டா அது பாதி உண்மைதான். மூட்ட தூக்குறவருக்கு அரசு குடுத்த கூலி ரொம்ப காலம் மூட்டைக்கு 3 ரூபா 25 காசா இருந்துச்சு. பிறகுதான் 10 ரூபாய்க்கு உயர்த்துனாங்க. நாப்பது கிலோவத் தூக்கி, எடைபோட்டு, தச்சு, அடுக்குறதுக்கு மூணேகால் ரூபான்னா, மீதிய அவரு யார்கிட்ட வாங்குவாரு? எதிர்ல நிக்கிற விவசாயிகிட்டத்தான். கடைசியில ரெண்டு ஏழையையும் எதிரெதிரா நிறுத்தியாச்சு. கூலிய நிர்ணயம் பண்ணுனவங்க சண்டையிலயே இல்ல.

கேஸ் சிலிண்டர்ல நீங்க தினம் பாக்குறதும் இதேதான். வீட்டுக்குக் கொண்டு வந்து குடுக்கறதுக்கான காசு சிலிண்டர் விலையிலயே இருக்கு. 2019ல அது சிலிண்டருக்கு 27 ரூபா 60 காசு. அந்த வருஷமே, கொண்டு வர்றவங்க மேல காசு கேக்குறாங்கன்னு சென்னை உயர் நீதிமன்றத்துல பொதுநல வழக்கும் நடந்துச்சு. பில்லுக்கு மேல தர வேண்டியதில்லங்கறது சட்டப்படி சரி. ஆனா இரும்பும் கேஸுமா சேந்து முப்பது கிலோ கிட்ட வரும். அத மாடிப்படி ஏத்துறவரு பல எடங்கள்ல மாசச் சம்பளக்காரரு இல்ல, இத்தன சிலிண்டருக்கு இவ்வளவுன்னு வாங்குறவரு. நாம விலையில குடுத்த அந்தக் காசுல எவ்வளவு அவரு கைக்குப் போகுதுன்னு யாரும் கேக்கறதில்ல. படியில நின்னு அவருகிட்ட மட்டும் "எதுக்குய்யா முப்பது ரூபா?"ன்னு கேக்குறோம்.

இதுல ரொம்பக் கொடுமையானது ஒண்ணு இருக்கு. பிரசவ வார்டுல பிள்ளையக் கையில குடுக்கறதுக்கு முன்னாடி கேக்குற காசு. ஆம்பளப் பிள்ளைக்கு ஒரு ரேட்டு, பொம்பளப் பிள்ளைக்கு ஒரு ரேட்டு. எங்க, எப்பன்னு சொல்ல வரல. அனுபவப்பட்ட குடும்பத்துக்குத் தெரியும். அதுக்கும் பேரு சந்தோஷக் காசுதான். குடுக்க இல்லாதவங்க சந்தோஷமா இருக்க வேண்டிய நேரத்துல தாலியத் தொட்டுப் பாத்துக்கிட்டு நிக்கிறாங்க. இதையும் ஓட்டல்ல வைக்கிற பத்து ரூபாயையும் ஒரே பேரு சொல்லிக் கூப்பிடக்கூடாது.

கூலிய இனாம் மாதிரி குடுத்தா என்னாகும்கறதுக்கு எங்க பழைய களத்துமேடே சாட்சி. துணி வெளுக்குறவரு, முடி வெட்டுறவரு, தச்சரு, கொல்லரு, தண்ணி பாய்ச்சுறவரு, சாவுக்குச் சேதி சொல்லிக் குழி வெட்டுறவரு, இவங்களுக்கெல்லாம் முன்னாடி காசுக் கூலி கிடையாது. அறுப்பு அன்னைக்கு களத்துல நெல்லு. அதுக்கு மேரைன்னு பேரு. இன்னொரு பேரும் உண்டு, சுதந்திரம். ஆமா, உரிமைங்கற அர்த்தத்துலதான். அந்த நெல்லு அவங்க பங்கு, யாரும் போடுற பிச்சை இல்லன்னு அந்தப் பேரே சொல்லுது.

ஆனா நான் சின்னப் பையனா இருந்தப்போ பாத்தது வேற. பொலி தூத்தி, அளந்து, மூட்ட கட்டி வண்டியில ஏத்துன பிறகுதான் அவங்களக் கூப்பிடுவாங்க. அதுவரைக்கும் களத்து ஓரத்துல துண்ட இடுப்புல கட்டிக்கிட்டு நிக்கணும். கருக்காவும் அடிமண்ணும் கலந்த நெல்லுதான் பாதி நேரம் வரும். "என்னடா, பத்தலயா?"ன்னு வயசுல பெரியவரப் பாத்து எங்க வயசுப் பையன் கேப்பான். வருஷம் முழுக்கப் பாத்த வேலைக்கான கூலி அது. இனாம் மாதிரி போட்டதால, வாங்குறவரு கும்பிட்டு வாங்க வேண்டியிருந்துச்சு. மழ பொய்ச்ச வருஷம் அதுவும் இல்ல.

அந்த வீட்டுப் பிள்ளைக ஏன் ஊர விட்டுப் போனாங்கன்னு இன்னைக்கும் சில பெருசுக அங்கலாய்க்கும். ஏன் போக மாட்டாங்க? இன்னைக்கு டவுன்ல சலூன் வச்சிருக்குற தம்பி கடையில ஒரு போர்டு தொங்குது. கட்டிங் இவ்வளவு, சேவிங் இவ்வளவு. ஊருப் பெரிய மனுஷனும் வரிசையில உக்காந்து, போர்டுல போட்ட காசக் குடுத்துட்டுத்தான் எந்திரிக்கணும். "டா" போட்டுப் பேச முடியாது. மேரையில வராத சுதந்திரம் அந்த விலைப் போர்டுல வந்துச்சு. அதுக்கு மேல பத்து ரூபா மீதிய "வச்சுக்கங்க தம்பி"ன்னு ஒருத்தர் சொன்னா, அது மரியாதையான பத்து ரூபா. அவரு வேணாம்னும் சொல்லலாம்.

எங்க புதுக்கோட்டை சமஸ்தானத்துக்குன்னு அம்மன் காசுன்னு ஒரு செப்புக்காசு இருந்துச்சு. ஒரு ரூபாய்க்கு 320 காசு. நவராத்திரிக்கு அரிசியோட சேத்து ஜனங்களுக்கு ராஜா தானமாக் குடுப்பாரு. சமஸ்தானம் 1948ல இந்தியாவோட சேந்துருச்சு. இப்ப அந்தக் காசு சேகரிக்கிறவங்க கையில இருக்கு. பேச்சுல மிஞ்சுனது "அம்மஞ்சல்லிக்குப் பிரயோசனமில்ல"ங்கற வசவு மட்டுந்தான். மேல இருந்து போடுற காசுக்கு எவ்வளவு நாளைக்கு மதிப்பு இருக்கும்னு இதுல தெரிஞ்சுக்கலாம்.

பெரிய நாடுகள்ல மட்டும் என்ன வாழுதாம்? அமெரிக்காவுல அடிமை முறை ஒழிஞ்ச பிறகு, புல்மேன்னு ஒரு ரயில் கம்பெனி கறுப்பின ஆளுகளப் பெட்டிப் பணியாளரா வச்சு, சம்பளத்தக் குறைச்சலாக் குடுத்து, மீதிய பயணிக கிட்ட டிப்ஸா வாங்கிக்கங்கன்னு விட்டுச்சு. அவங்க 1925ல சங்கம் கட்டி, 1937லதான் கம்பெனிய ஒப்பந்தத்துக்குக் கொண்டு வந்தாங்க. இன்னமும் அந்த நாட்டு மத்திய சட்டப்படி டிப்ஸ் வாங்குற தொழிலாளிக்கு முதலாளி நேரடியாக் குடுக்க வேண்டிய குறைந்தபட்சக் கூலி மணிக்கு 2 டாலர் 13 சென்ட்தான். 1991ல வச்சது, இன்னும் ஏறல. பல மாகாணங்கள்ல கூட இருக்கு, இருந்தாலும் சட்டம் சட்டந்தான். அங்க போன நம்ம பிள்ளைக "இருபது சதவீதம் வைக்கலன்னா மொறைக்கிறாங்க"ன்னு சலிச்சுக்கறதுக்கு மூலகாரணம் இதுதான். முதலாளி குடுக்க வேண்டியதச் சாப்பிட வந்தவன் குடுக்குறான்.

நம்ம நாட்டுல ஓட்டல்காரங்க சேவைக் கட்டணம்னு பில்லுல தானாச் சேக்கக்கூடாதுன்னு 2022 ஜூலையில மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொல்லிருச்சு. 2025 மார்ச்சுல டெல்லி உயர் நீதிமன்றமும் அதச் சரின்னு சொன்னுச்சு. நல்லதுதான். ஆனா பில்லுல இருந்து அந்த வரிய எடுத்ததோட நம்ம கடமை முடிஞ்சிருச்சுன்னு இருந்தா, தட்டு எடுக்குற தம்பிக்கு என்ன மாறுச்சு?

கஜா புயல் அடிச்சது 2018 நவம்பர் 16. எங்க பக்கம் தென்னை, பலா, கரண்டு கம்பம் எல்லாம் படுத்துருச்சு. வெளிமாவட்டம், வெளிமாநிலத்துல இருந்தெல்லாம் மின்வாரிய ஆளுக வந்து சேத்துலயும் மழையிலயும் கம்பம் தூக்கி நட்டாங்க. ஊரு ஊருக்குச் சோறாக்கிப் போட்டாங்க. இல்லாத வீட்டுலயும் டீ போட்டுக் குடுத்தாங்க. அத டிப்ஸ்னு சொன்னா நாக்கு அழுகிரும். ஆனா வந்தவங்கள்ல பாதிப் பேரு ஒப்பந்தக் கூலியா, நிரந்தரமா, நாளைக்கு என்ன குடுக்குறாங்கன்னு நாங்களும் கேக்கல. நன்றி சொல்லத் தெரிஞ்ச எங்களுக்கு, கூலியப் பத்திக் கேக்கத் தோணல.

அதனால டவுன்ல இருக்குற உங்களுக்கு நான் சொல்லுறது ரெண்டு. சோறு கொண்டு வர்ற பையன் மழையில நனஞ்சுக்கிட்டு வந்தா குடுங்க, தாராளமாக் குடுங்க. முடிஞ்சா கையிலேயே குடுங்க, மொகத்தப் பாத்து ஒரு வாய் தண்ணி வேணுமான்னு கேளுங்க. அதோட, அவரு கூலிக்காகப் பேசுற நாள்ல அவரு பக்கம் நில்லுங்க. அந்த மாதிரி தொழிலாளிகளுக்குத் தனி நல வாரியம் அமைக்கப் போறதா தமிழ்நாடு அரசு 2023 சுதந்திர தினத்தன்னைக்கு அறிவிச்சுச்சு. அது ஒழுங்கா நடக்குதான்னு பாக்குறது, இருபது ரூபா டிப்ஸ விடப் பெரிய உதவி. அவங்க வேலைநிறுத்தம் பண்ணுற அன்னைக்கு "சோறு வரலயே"ன்னு அவங்கள வையாதீங்க.

இந்தக் கணக்கு எங்க நடவுப் பொம்பளைகளுக்கு நல்லாத் தெரியும். பத்து மணிக்கு வரப்புக்கு டீயும் வடையும் போகணும். வடை வரலன்னா நட்டுக்கிட்டே, "இந்தக் கருமிக்கு வெளைஞ்சாப்புலதான்"னு பாட்டாப் படிச்சிருவாங்க. ஆனா நட்டு முடிச்சிருவாங்க. கூலியில பத்து ரூபா கொறச்சா, ஒரு வார்த்த பேச மாட்டாங்க. மறுநாள் வயலுக்கு வரமாட்டாங்க, அவ்வளவுதான்.