உங்க வெப்சைட் யார் பேர்ல இருக்கு?

'க்ளவுட்ல இருக்கு'னு யாராவது சொன்னா வானத்தைப் பார்க்காதீங்க மக்களே. முகப்பேர்ல இருந்து அப்படியே அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் வண்டியை விடுங்க. என்.டி.டி. கம்பெனி 2023-ல 6 ஏக்கர்ல ஒரு டேட்டா சென்டர் வளாகம் திறந்தது. சர்வர்களுக்கு மட்டும் 34.8 மெகாவாட் கரன்ட்னு திட்டம்! சர்வர்ங்கிறது வேற ஒண்ணும் இல்லை, யார் எப்போ கேட்டாலும் பக்கத்தை எடுத்துக் கொடுக்கிற, தூங்காத கம்ப்யூட்டர். அதுல கொஞ்சம் இடத்தை வாடகைக்கு எடுத்தா, அதுதான் ஹோஸ்டிங்.

ஷேர்டு ஹோஸ்டிங்னா, பத்து போர்ஷனுக்கு ஒரே ஓவர்ஹெட் டேங்க். மாடி வீட்டுக்காரர் மோட்டார் பைக் கழுவினா, உங்க குழாய்ல காத்துதான் வரும். சிம்போசியம் சைட்டுக்கு இது தாராளம். காசு அதிகம் கொடுத்து தனி டேங்க் கேட்டா வி.பி.எஸ்.

'பேண்ட்வித்' கணக்கு ஈஸி. உங்க பக்கம் 2 எம்.பி., 5,000 தடவை திறந்தாங்கன்னா சுமார் 10 ஜி.பி. (நெட்வொர்க்ஸ் பேப்பர்ல பேண்ட்வித்துக்கு இப்படி எழுதிடாதீங்க, மார்க் போயிடும். இது ஹோஸ்டிங் கம்பெனிக்காரங்க பாஷை!)

டொமைன் நேம்ங்கிறது வாசல்ல மாட்டுற பேர் பலகை. ஆனா நெட்வொர்க்குக்குத் தெரிஞ்சது ஐ.பி. நம்பர் மட்டும்தான். பேரைச் சொன்னா நம்பரைத் தேடித் தர்றது டி.என்.எஸ். 1983-ல பால் மொக்கபெட்ரிஸ் டிசைன் பண்ணினது. அதுக்கு முன்னாடி எல்லாப் பேரும் ஒரே ஃபைல்ல இருந்துச்சு, ஆளாளுக்கு காப்பி எடுத்துக்கிட்டாங்க. ஹாஸ்டல் செமஸ்டர் நோட்ஸ் மாதிரி!

இப்போ முக்கியமான மேட்டர். எங்க ஏரியாவுல துணிக்கடை வெச்சிருக்கிற அண்ணா ஒருத்தர், தெரிஞ்ச பையன்கிட்ட சைட் பண்ணச் சொன்னார். பையன் டொமைனைத் தன் பேர்லயே, தன் மெயில் ஐ.டி.யிலயே வாங்கிட்டான். வேலை கிடைச்சு ஊர் மாறினான், நம்பரும் மாறிடுச்சு. ரெனியூவல் மெயில் எல்லாம் அவனுக்கே போச்சு. ஒரு நாள் பேர் கை மாறிப் போச்சு. பில் புக், கவர், போர்டு எல்லாத்துலயும் பழைய அட்ரஸ்!

எக்ஸ்பயர் ஆனதும் பேர் உடனே பறந்துடாது. டாட் காம் பேரை டெலிட் பண்ணின பிறகும் 30 நாள் 'ரிடெம்ப்ஷன்' உண்டு, கூடுதல் பணம் கட்டி மீட்கலாம். ஆனா, யார் பேர்ல பதிவாகியிருக்கோ அவர்தான் மீட்க முடியும். அண்ணா கையில பணம் இருந்தும் பிரயோஜனம் இல்லை.

அதனால டிபார்ட்மென்ட் சைட்டோ, அப்பா கடை சைட்டோ, ரிஜிஸ்ட்ரார் அக்கவுன்ட்டுக்குள்ள இன்னைக்கே போய்ப் பாருங்க. உரிமையாளர் பேரு, மெயில், கடைசித் தேதி, இந்த மூணும் போதும். ஃபைனல் இயர் சீனியர் மெயில் ஐ.டி.யில இருந்தா, ஃபேர்வெல் பார்ட்டிக்கு முன்னாடியே மாத்தி வாங்கிடுங்க!