பைத்தானுக்கும் மனப்பாடமா?

பக்கத்து வீட்டுப் பையன் ப்ளஸ் டூ. நேத்து மொட்டை மாடியில நடந்துகிட்டே பைத்தான் புரோகிராமைச் செய்யுள் மாதிரி ஒப்பிச்சிட்டிருந்தான், கோலன் உட்பட! "கம்ப்யூட்டர்ல ஓட்டிப் பார்த்தியாடா?"ன்னேன். "எதுக்குண்ணே? கைடுலயே அவுட்புட் இருக்கே!"

என்ன கொடுமை இது! தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10. அந்த இருபதையும் உருப்போட்டே வாங்கிடலாம்னு இவனுக்குச் சொல்லிக் கொடுத்தது யாரு?

பைத்தானில் வரி ஆரம்பத்து இடைவெளி தப்பினாலே புரோகிராம் நின்னுடும், இல்லேன்னா தப்பான விடை தரும். ஒப்பிச்சவனுக்கு எங்கே கோளாறுன்னே புரியாது.

மார்க் வருதேங்கிறீங்களா? வரும்தான். அடுத்த வருஷம் காலேஜ் லேப்ல திருதிருன்னு முழிப்பானே, அப்ப?

வாத்தியார்களே, ஒரு வரியை வேணும்னே கெடுத்துக் கொடுங்க. பிள்ளைங்களே திருத்தட்டும். அதுதாங்க படிப்பு. மறுப்பவர்கள் பின்னூட்டத்தில் சண்டைக்கு வரலாம்!