கோட்டுக்கு வெளியே ஒரு பிள்ளை

கொல்கத்தா நகரில் குடியிருப்புப் பகுதியைப் 'பாரா' என்பர். ஒரு பாராவுக்கு ஒரு மன்றமேனும் இருக்கும் என்று சொன்னால் அது பெரிய மிகையாகாது. 'கிளப்' என்றே எல்லாரும் அதனை அழைப்பர். பெரும்பாலும் அது ஓர் அறை மட்டுமே. உள்ளே ஒரு கேரம் பலகை, சில நாற்காலிகள், கண்ணாடி அலமாரியில் நிறம் மங்கிய கோப்பைகள். துர்க்கை பூசைக்குப் பந்தல் போடுவது இந்த மன்றந்தான். இரத்ததான முகாம் நடத்துவதும் இதுவே. நள்ளிரவில் ஒருவருக்கு உடல்நலம் குன்றினால் மருத்துவமனைக்கு உடன் செல்வோரும் மன்றத்து இளைஞரே. அருகில் ஒரு திடல் இருக்குமானால், மாலையில் அங்கே சிறுவர்க்குக் கால்பந்து கற்பிக்கப்படும்.

அந்த மாலைநேர ஆட்டம் யாருக்காக நடைபெறுகிறது? அலமாரியில் இன்னும் ஒரு கோப்பையைச் சேர்ப்பதற்காகவா, திடலுக்கு வந்த பிள்ளைகளுக்காகவா? இரண்டும் ஒன்றுதானே என்று மன்றத்துப் பெரியவர் பலர் சொல்வர். ஒன்றல்ல. பன்னிரண்டு வயதுவரை மன்றத்துக்கு வரும் ஒவ்வொரு பிள்ளையும், திறமை மிக்கதாயினும் குறைந்ததாயினும், ஒவ்வோர் ஆட்டத்திலும் பாதி நேரமேனும் களத்தில் ஆடவேண்டும். நல்லெண்ணம் மட்டும் இதற்குப் போதாது. மன்றங்கள் இதனை எழுதப்பட்ட விதியாகவே வைத்துக்கொள்ள வேண்டும்.

கோப்பையின்மீது அந்நகருக்கு உள்ள பற்றைப் பழிப்பதற்கில்லை. அதற்கு நெடிய வரலாறு உண்டு. மோகன் பகான் மன்றம் 1889இல் தோன்றியது. முகமதன் ஸ்போர்ட்டிங் 1891இல். ஈஸ்ட் பெங்கால் 1920இல். நாடு அடிமைப்பட்டிருந்த காலத்தில், 1911 ஜூலை 29 அன்று, ஐ.எப்.ஏ. கேடயத்தின் இறுதி ஆட்டத்தில் மோகன் பகான் அணி கிழக்கு யார்க்ஷயர் படைப்பிரிவின் அணியை 2-1 என்ற கோல் கணக்கில் வென்றது. வென்ற பதினொருவரில் பத்துப் பேர் வெறுங்காலுடன் ஆடினர். எதிரே நின்றவர்கள் பூட்ஸ் அணிந்த படைவீரர்கள். அந்த ஒரு மாலையை நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் அந்நகரம் மறக்கவில்லை. மறக்கவும் வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பெருமை முழுவதையும் பத்து வயதுப் பிள்ளையின் தோள்மீது ஏற்றும்போதுதான் தொல்லை தொடங்குகிறது.

தந்தையின் பணிமாற்றத்தால் திருச்சியிலிருந்து கொல்கத்தாவுக்கு வந்துசேர்ந்த ஒரு சிறுவனை நினைத்துப் பாருங்கள். பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும் அவனுக்கு ஓரளவு கைகொடுக்கும். தெருவிலோ எங்கும் வங்கமொழி. கடைக்காரர் கேட்பது விளங்காது. பக்கத்து வீட்டுப் பாட்டி அன்போடு சொல்வதும் விளங்காது. மாலையில் திடலோரம் வந்து நிற்கிறான். ஒருவன் திரும்பிப் பார்த்து, "கேல்பி?" என்கிறான். 'ஆடுகிறாயா?' என்பது அதன் பொருள். அவன் தலையசைக்கிறான். அவ்வளவுதான், வங்கமொழியின் முதற்பாடம் முடிந்தது.

அடுத்த சொல் 'எதிக்கே'. இந்தப் பக்கம் என்று பொருள். பந்தைக் காலில் வைத்திருப்பவனை நோக்கி நான்கு பேர் ஒரே நேரத்தில் அவ்வாறு கூவுவர். பயிற்றுநரைத் 'தாதா' என்று அழைக்க வேண்டும் என்பது அதற்கடுத்த பாடம். தமிழ்த் திரைப்படம் பார்த்துப் பழகிய செவிக்கு அச்சொல் சற்றே அச்சமூட்டும். வங்கத்தில் அது அண்ணன் என்னும் அன்புச் சொல். இவ்வாறு ஒரு மழைக்காலம் கழிவதற்குள், எந்தப் புத்தகத்தையும் திறவாமலேயே, சண்டையிடவும் சமாதானம் பேசவும் போதிய மொழி அவன் வாயில் வந்துவிடும்.

இவை எல்லாம் நடப்பது அவன் களத்துக்குள் இருந்தால் மட்டுமே. கோட்டுக்கு வெளியே அமர்ந்திருப்பவனிடம் எவரும் பந்து கேட்பதில்லை. ஆகையால் எந்தச் சொல்லும் அவனை நோக்கி வருவதில்லை. முதல் வாரம் உதிரி ஆட்டக்காரனாக அமர்கிறான். இரண்டாம் வாரமும் அப்படியே. மூன்றாம் வாரத்திலிருந்து தண்ணீர்ப் புட்டிகளை எடுத்துச் செல்லும் வேலை அவனுடையதாகிறது. அணி மூன்று கோல் முன்னணியில் இருந்தால் கடைசி ஐந்து நிமிடத்துக்கு இறக்கப்படுவான். அப்போதும் பந்து அவனிடம் வந்துவிடாதபடி மற்றவர்கள் பார்த்துக்கொள்வர். பிறகு ஒருநாள் வீட்டில், தனிப்பயிற்சி வகுப்பு இருக்கிறது என்கிறான். மறுநாள் கால் வலிக்கிறது என்கிறான். அவன் வருவது நின்றுபோனதை மன்றத்தில் எவரும் கவனிப்பதில்லை, ஏனெனில் அணியின் ஆட்டம் அதனால் சிறிதும் மாறவில்லை. அவன் மாலைப்பொழுதுகள் மட்டும் மாறிவிடுகின்றன. நான்கு சுவருக்குள், ஒரு திரைக்கு முன்னே அவை கழியத் தொடங்குகின்றன.

ஊர் புதிதாக இல்லாத பிள்ளைக்கும் இதே நிலை நேர்வதுண்டு. அவனுக்குப் பேச வேறு நண்பராவது இருப்பர் என்பதே வேறுபாடு.

இடம் போதவில்லை என்பது மன்றத்தார் வழக்கமாகச் சொல்லும் காரணம். ஒரு சிறு கணக்கு இதற்கு விடை சொல்லும். நாற்பது பிள்ளைகள் வருகின்றனர், திடல் ஒன்று, பந்து ஒன்று. அணிக்குப் பதினொருவர் என ஆடவிட்டால் இருபத்திரண்டு பேர் ஆடுவர். பதினெட்டுப் பேர் புல்லைப் பிடுங்கிக்கொண்டு அமர்ந்திருப்பர். அதே திடலை நான்காகப் பிரித்து, அணிக்கு ஐவராக ஆடவிட்டால் ஒரு களத்துக்குப் பத்துப் பேர். நான்கு களத்துக்கு நாற்பது பேர். எவரும் வெளியே இல்லை. கூடுதலாக வேண்டியவை மூன்று பந்துகள். கோல் கம்பத்துக்கு இரண்டு செங்கல்லோ, கழற்றிவைத்த செருப்புகளோ போதும். பத்துப் பேருக்கு ஒரு பந்து என்னும்போது ஒவ்வொரு பிள்ளையின் காலிலும் அது அடிக்கடி வந்து படும் என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். காலில் பந்து படாமல் ஆட்டம் கற்றவர் உலகில் எவரும் இலர்.

பெரியவர்களுக்கான அளவுகளை அப்படியே பிள்ளைகளுக்கு வைப்பதும் பொருந்தாத செயல். முழு அளவுக் கோலின் அகலம் 7.32 மீட்டர், உயரம் 2.44 மீட்டர். அதன் நடுவே ஒன்பது வயதுச் சிறுமியை நிறுத்திவிட்டு, தலைக்குமேல் போன பந்தை ஏன் பிடிக்கவில்லை என்று கேட்பது என்ன நியாயம்? பெரியவர்கள் ஆடும் ஐந்தாம் எண் பந்தின் எடை 410 கிராமுக்குக் குறைவதில்லை. சிறுவர்க்கென மூன்றாம் எண், நான்காம் எண் பந்துகள் கடைகளில் கிடைக்கின்றன.

ஆட்ட விதிகளும் இதற்குத் தடையாக இல்லை. பெரியவர் ஆட்டத்தில் வெளியேறியவர் மீண்டும் களம்புக இயலாது. ஆனால் சிறுவர் ஆட்டத்திலும் பொழுதுபோக்கு ஆட்டத்திலும், நாட்டின் கால்பந்துக் கூட்டமைப்பு இசைந்தால், வெளியேறியவர் திரும்பவும் வந்து ஆடலாம் என்று பன்னாட்டு விதிகளே இடமளிக்கின்றன. பிள்ளைகளைச் சுழற்சி முறையில் இறக்குவதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்? அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு 2018ஆம் ஆண்டில் சிறுவர்க்கென்றே 'கோல்டன் பேபி லீக்' என்னும் ஆட்டத்தொடரைத் தொடங்கியபோது, சிறிய களம், சிறிய அணி, சிறுவரும் சிறுமியரும் கலந்து ஆடுதல் ஆகியவற்றையே அதன் வழியாகக் கொண்டது. நார்வே நாட்டில் பதினோரு வயதுக்கு முன் பிள்ளைகளின் ஆட்டங்களுக்குத் தரவரிசைப் பட்டியல் வெளியிடும் வழக்கமே இல்லை.

'கால்பந்து' என்னும் சொல்லைப் பற்றியும் இங்கே ஒரு செய்தி. கால், பந்து என்னும் இரு சொற்களும் சேரும்போது 'காற்பந்து' என்று புணர்வதே இலக்கண முறை. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வாழும் தமிழர் அவ்வாறே எழுதுகின்றனர். இலங்கையில் அது உதைபந்தாட்டம். தமிழ்நாட்டு நாளிதழ்கள் கால்பந்து என்றே எழுதிப் பழகிவிட்டன. எப்படி எழுதினாலும் பந்து உருளும். இலக்கணம் கற்பிப்போர் மட்டும் சற்று வருந்துவர்.

எதிர்ப்புரை ஒன்று உண்டு. அதனைத் தட்டிக்கழிக்கக் கூடாது. ஆடத் தெரியாதவனை இறக்கினால் அணி தோற்காதா? தோற்கும். சில ஆட்டங்களில் உறுதியாகத் தோற்கும். தோற்றால் சந்தா தருவோர் முகம் சுளிப்பர். அடுத்த பாராவினர் நகைப்பர். இன்னொன்றும் உண்மை: நன்றாக ஆடும் பிள்ளைக்கு இவ்விதியால் சிறிது இழப்பு உண்டு. தன் பாதி நேரத்தை அது பிறர்க்கு விட்டுத்தர வேண்டும். அந்தப் பிள்ளைக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் தனியே பயிற்சி கொடுக்கலாம். பதின்மூன்று வயதானதும் தேர்வு வைத்து மன்றத்தின் போட்டி அணியில் சேர்க்கலாம். அவற்றை வேண்டாம் என்பவர் எவருமில்லை. மாலை ஆட்டத்தை மட்டும் எல்லாருக்கும் விட்டுவைக்க வேண்டும் என்பதே கோரிக்கை.

மேலும், பத்து வயதில் 'இவன் ஆடுவான், இவன் ஆடமாட்டான்' என்று பிரிப்போரின் கணிப்பு எத்தனை முறை சரியாக இருந்திருக்கிறது? செகந்தராபாத் திடல்களில் ஆடத் தொடங்கிய பீட்டர் தங்கராஜ், 1953இல் மதராஸ் ரெஜிமென்ட் மையத்தில் சேர்ந்தபோது கோல் அடிக்கும் முன்கள ஆட்டக்காரர். பிறகுதான் கோல் காப்பவராக மாறினார். 1962இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் இந்தியா தங்கம் வென்றபோது கோலைக் காத்தவர் அவரே. கொல்கத்தாவின் மூன்று பெரிய மன்றங்களுக்கும் அவர் ஆடினார். படையில் சேரும் வயதான பிறகும் ஒருவருக்கு உரிய இடம் வேறொன்றாக இருக்க முடியும் என்றால், மூன்றாம் வகுப்புப் பிள்ளையை ஓரிடத்தில் முளையடித்து நிறுத்துவது என்ன அறிவு?

சிறுமியர் நிலை தனியே சொல்லத்தக்கது. எட்டு வயதுவரை அண்ணனோடு வந்து ஆடுகின்றனர். பன்னிரண்டை எட்டியதும் ஒவ்வொருவராக மறைகின்றனர். ஆர்வம் குறைந்துவிட்டது என்று எளிதாகச் சொல்லிவிடுகின்றனர். உடை மாற்ற ஓர் அறை, பூட்டுள்ள ஒரு கழிப்பறை, மாலை ஆறரைக்குமேல் திடலில் ஒரு விளக்கு ஆகிய மூன்றும் அந்த மன்றத்தில் இருக்கின்றனவா என்று பார்த்த பிறகன்றோ ஆர்வத்தைப் பற்றிப் பேசவேண்டும்! பூசைப் பந்தலுக்கு ஆயிரம் விளக்கு போடும் மன்றத்துக்குத் திடலில் ஒரு விளக்கு போடுவது அரிதன்று.

பெற்றோரும் குற்றமற்றவர் அல்லர். கோட்டுக்கு வெளியே நின்று, "அவனுக்குக் கொடுக்காதே, நீயே அடி!" என்று தம் பிள்ளைக்குக் கட்டளையிடுவோரை எந்த ஊர்த் திடலிலும் காணலாம், தமிழிலும் அக்குரல் கேட்பதுண்டு. தேர்வு நெருங்கியதும் முதலில் வெட்டப்படுவது இந்த ஒரு மணி நேரந்தான் என்பதும் யாவரும் அறிந்ததே.

விதியை எழுதிவிட்டால் போதாது. அது நடக்கிறதா என்று பார்க்கவும் வேண்டும். யார் எவ்வளவு ஆடினர் என்பது பயிற்றுநருக்கு நினைவிருக்கும் என்று மன்றத்தார் சொல்வர். கோல் அடித்தவனை எவரும் நினைவில் வைத்திருப்பர். அமர்ந்திருந்தவனை யார் வைத்திருக்கிறார்? கோடிட்ட குறிப்பேடு ஒன்று வாங்கி, இடப்பக்கம் பிள்ளையின் பெயரையும் வலப்பக்கம் அன்று அது களத்தில் இருந்த நிமிடங்களையும் எழுதலாம். சனிக்கிழமைதோறும் அதன் படியொன்றைக் கிளப் சுவரில் ஒட்டலாம். ஒரு பெயருக்கு எதிரே மூன்று வாரமாகச் சுழியம் இருந்தால், கோப்பை அலமாரியைப் பார்க்க வந்தவர்கூட அதனைக் காண்பார், காரணம் கேட்பார்.