செயல்திறனை அளக்கும் கோலுக்குச் சாதி மட்டும் தெரியாதாம்!



ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், சுங்குவார்சத்திரம், இருங்காட்டுக்கோட்டை. காஞ்சிபுரத்தைச் சுற்றியுள்ள ஊர்ப் பிள்ளைகளின் பிழைப்பு இந்த நாலு பெயர்களைச் சுற்றித்தான் ஓடுகிறது. விடியும் முன் கம்பெனி பஸ்ஸுக்காக ரோட்டோரம் நிற்கும் கூட்டத்தில் நம் சேரிப் பிள்ளைகளும் நிற்கிறார்கள். கேட்டுக்குள் போய்விட்டால் எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு. ஒரு பாகத்தைப் பொருத்த எத்தனை நொடி, ஒரு ஷிஃப்டில் எத்தனை பெட்டி, நூறு பொருளில் எத்தனை ரிஜெக்ட், பாத்ரூம் போய்த் திரும்ப எத்தனை நிமிடம், மாதத்தில் எத்தனை நாள் லீவு. இந்தக் கணக்கைப் போடச் சொல்லித்தர ஒரு படிப்பே இருக்கிறது. மேலாண்மைப் படிப்பு. அதற்குள் செயல்திறன் ஆய்வு என்று ஒரு பெரிய பிரிவு.

ஒரே ஒரு கணக்கு மட்டும் அங்கே இல்லை. லைனில் நிற்பவர் யார், சூப்பர்வைசர் யார், எச்.ஆர். அறையில் உட்கார்ந்திருப்பவர் யார், கக்கூஸ் கழுவுபவர் யார்? இவர்கள் எந்தெந்தச் சாதி? நொடிக்குக் கணக்கு வைத்திருக்கும் கம்பெனியிடம் இதற்குக் கணக்கு இல்லை. இதை மறதி என்று நாங்கள் நம்பவில்லை. அளந்தால் அம்பலமாகும் என்பதால்தான் அளக்காமல் விடுகிறார்கள்.

நாங்கள் இதை எழுதுவது கூரத்திலிருந்து. வைணவர்களுக்கு இது கூரத்தாழ்வான் பிறந்த ஊர். வரலாறு படிப்பவர்களுக்குக் கூரம் செப்பேட்டின் ஊர். ஏழாம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மன் கொடுத்த செப்பேடு அது. ஓர் ஊரை 25 பங்காகப் பிரித்து, அதில் 20 பங்கை நான்மறை ஓதும் 20 பேருக்குக் கொடுத்தார்கள். மீதி கோயில் காரியங்களுக்கும், மண்டபத்துக்கு நீரும் நெருப்பும் தருவதற்கும், அங்கே பாரதம் வாசிப்பதற்கும் போனது. அதே செப்பேடு ஏரியைப் பற்றியும் பாலாற்றிலிருந்து வந்த கால்வாயைப் பற்றியும் பேசுகிறது. அவற்றை வெட்டியவர்களுக்கு அந்த 25-இல் ஒரு பங்கும் இல்லை. வேலையையும் பலனையும் எழுதி வைப்பது நம் மண்ணுக்குப் புதிதல்ல. யாரை எழுதுவது, யாரை விட்டுவிடுவது என்பதும் புதிதல்ல.

சரி, இந்த நவீன மேலாண்மை 'அறிவியல்' எங்கிருந்து வந்தது? கனரகத் தொழிலிலிருந்து வந்தது. அமெரிக்காவின் பெத்லகேம் இரும்பாலையில் 1899-இல் ஃபிரடெரிக் டெய்லர் என்ற பொறியாளர் கூலியாட்களின் வேலையை அளந்தார். ஒரு ஆள் நாளைக்கு 12½ டன் வார்ப்பிரும்பு தூக்கிக்கொண்டிருந்தாராம். எப்போது தூக்கு, எப்போது உட்கார் என்று பக்கத்தில் ஆள் நிறுத்தி ஆணையிட்டு, அதை 47 டன்னுக்கு ஏற்றியதாக டெய்லர் தம் 1911ஆம் ஆண்டு நூலில் பெருமைப்பட்டுக்கொண்டார். கூலி 1.15 டாலரிலிருந்து 1.85 டாலர் ஆனது. உழைப்பு ஏறக்குறைய நாலு மடங்கு, கூலி இரண்டு மடங்குகூட இல்லை. இந்த வேலைக்கு ஏற்றவன் மாட்டைப் போல மந்தபுத்திக்காரனாக இருக்க வேண்டும் என்றும் அவர் எழுதினார். யோசிப்பது ஒருவன் வேலை, தூக்குவது இன்னொருவன் வேலை, தூக்குகிறவன் இயல்பிலேயே அதற்குத்தான் லாயக்கு. இதை நாம் இதற்கு முன்பே எங்கேயோ கேட்டிருக்கிறோம், இல்லையா?

அடுத்த பாடம் டெலிபோன் கருவிகள் செய்த ஆலையிலிருந்து வந்தது. வெஸ்டர்ன் எலக்ட்ரிக் கம்பெனியின் ஹாத்தார்ன் ஆலையில் 1924 முதல் 1932 வரை ஆய்வு நடந்தது. வெளிச்சத்தை மாற்றினார்கள், இடைவேளையை மாற்றினார்கள், டெலிபோன் பாகம் பொருத்திய பெண்களைத் தனி அறையில் வைத்துக் கவனித்தார்கள். தொழிலாளியும் மனிதர்தான், அவரை மதித்து நடத்தினால் உற்பத்தி கூடும் என்ற பாடத்தை இன்றும் எம்.பி.ஏ. வகுப்புகளில் இதை வைத்துத்தான் நடத்துகிறார்கள். நல்ல பாடம்தான். மதிப்பு உற்பத்தியைக் கூட்டும் என்றால் அவமதிப்பு என்ன செய்யும்? சாதியை மனதில் வைத்து ஏசும் ஒருவருக்குக் கீழே எட்டு மணி நேரம் நிற்பவரின் கை எப்படி ஓடும்? இந்தக் கேள்வி நம் வகுப்பறைகளில் ஏன் எழுவதில்லை?

அதைக் கேட்டவர் ஒருவர் இருந்தார். பாபாசாகேப் அம்பேத்கர்.

பம்பாய்ப் பஞ்சாலைகளில் நெசவுப் பிரிவுக்குத்தான் கூலி அதிகம். அந்தப் பிரிவுக்குள் தீண்டப்படாதோரை விடவில்லை. காரணம் என்ன தெரியுமா? நாடாவில் நூலைக் கோக்க வாய் வைத்து உறிஞ்ச வேண்டும். தீண்டப்படாதவர் வாய் பட்ட நாடாவைத் தொட மாட்டோம் என்றார்கள் சாதி இந்துத் தொழிலாளர்கள். அதனால் நம்மவர்கள் கூலி குறைந்த நூற்புப் பிரிவிலேயே கிடந்தார்கள். 1928 வேலைநிறுத்தத்தின்போது தொழிற்சங்கத் தலைவர்களிடம் இந்தக் கேள்வியை எழுப்பியவர் பாபாசாகேப். தறிச் சத்தத்துக்கு நடுவே வளர்ந்த காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு இந்த நூல் கதையை விளக்கத் தேவையில்லை.

1936-இல் சாதி ஒழிப்பு பற்றி எழுதியபோது அவர் இன்னும் ஒரு படி மேலே போனார். சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்கிற மனிதர்களையே மேல்கீழாகப் பிரிக்கிறது என்றார். ஆளின் திறமையையும் விருப்பத்தையும் பார்க்காமல் பிறப்பைப் பார்த்து வேலை ஒதுக்கும் ஏற்பாடு பொருளாதாரத்துக்கே கேடு என்றார். இதைவிடத் தெளிவான செயல்திறன் ஆய்வு உண்டா? ஆனால் மேலாண்மைப் பாடத்தில் டெய்லர் இருக்கிறார், ஹாத்தார்ன் இருக்கிறது. அம்பேத்கரைக் காணோம்.

பழைய கதை என்று தள்ளிவிட முடியாது. 2013-இல் வெளியாகி உலகம் முழுக்கப் பேசப்பட்ட ஓர் ஆய்வு இருக்கிறது. நிக்கோலஸ் புளூம் குழுவினர் மும்பை பக்கத்துத் துணி ஆலைகளில் நடத்தியது. 17 நிறுவனங்கள். 38 மேலாண்மை நடைமுறைகளைப் பட்டியலிட்டு, ஆலோசகர்களை அனுப்பித் திருத்தினார்கள். முதல் ஆண்டிலேயே உற்பத்தித்திறன் 17 விழுக்காடு கூடியது. இன்னொன்றையும் கண்டார்கள். ஒரு நிறுவனம் எவ்வளவு பெரிதாக வளரும் என்பதை முதலாளி குடும்பத்தில் எத்தனை ஆண்கள் இருக்கிறார்கள் என்பதே பெரிதும் தீர்மானிக்கிறது. வெளியாளை நம்பிப் பொறுப்புக் கொடுக்க முதலாளிகள் தயாராக இல்லை. அருமையான கண்டுபிடிப்பு! ஆனால் ஆய்வு 'குடும்பம்' என்ற சொல்லோடு நின்றுவிடுகிறது. இந்த நாட்டில் ஒருவரின் குடும்பத்துக்குள் யார் வரலாம், யார் வரக்கூடாது என்று எது தீர்மானிக்கிறது? 38 நடைமுறைகளில் அதற்கு ஓர் இடம் இல்லை.

அளக்க மனமிருந்தவர்கள் அளந்து காட்டியிருக்கிறார்கள். சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெலும் ஒரே தகுதி, வேறு வேறு பெயர் என்று தனியார் கம்பெனிகளுக்கு விண்ணப்பங்கள் அனுப்பினார்கள். 2007-இல் முடிவு வெளியானது. தலித் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு, உயர்சாதிப் பெயருக்கு இருந்ததில் மூன்றில் இரண்டு பங்குதான். அதே ஆண்டு சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் எச்.ஆர். மேலாளர்களிடம் பேசினார்கள். தகுதி மட்டுமே பார்ப்போம் என்றார்கள் மேலாளர்கள். கூடவே நேர்முகத்தில் 'குடும்பப் பின்னணி' கேட்போம் என்றும் சொன்னார்கள். 2012-இல் இந்தியாவின் முன்னணி 1,000 கம்பெனிகளின் இயக்குநர் குழுக்களைப் பற்றி ஓர் ஆய்வு வந்தது. ஏறத்தாழ 93 விழுக்காடு உயர்சாதியினர். பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் சேர்ந்தே 3.5 விழுக்காடு.

தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் சாதி போடுவதில்லை என்று பெருமை பேசுவோம். பெருமைதான். ஆனால் இங்கே கேள்வி வேறு மாதிரி வரும். "நேட்டிவ் எது? ஊருக்குள்ளேயா, காலனிப் பக்கமா?" அப்பா என்ன செய்கிறார், எந்தக் கோயில் திருவிழா, எந்தத் தெரு? ரெண்டு நிமிடத்தில் ஜாதகமே கைக்கு வந்துவிடும். கம்பெனியில் யாரும் சாதி பார்ப்பதில்லை என்பவர்களிடம் நாங்கள் கேட்பது ஒன்றுதான்: பார்க்காதவருக்கு இந்தத் தகவல் எதற்கு?

கேட்டால்தான் உண்மை வெளியே வரும் என்பதற்கு நம் பக்கத்திலேயே சாட்சி உண்டு. 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் ஆலையில் வேலை செய்த பெண்கள் விடுதிச் சாப்பாட்டால் நூற்றுக்கும் மேல் நோயில் விழுந்தார்கள். நெடுஞ்சாலையை மறித்து உட்கார்ந்தார்கள். அதன்பிறகுதான் ஆப்பிள் கம்பெனியின் கண்ணுக்கு அந்த விடுதிகள் தெரிந்தன. ஐபோன் எத்தனை உற்பத்தியாகிறது என்று அன்றாடம் கணக்குப் பார்த்தவர்களுக்கு, அதைச் செய்பவர் எங்கே படுக்கிறார் என்பது கணக்கில் இல்லை. அதே ஆலையில் ஐபோன் பொருத்தும் வேலைக்குத் திருமணமான பெண்களை ஒதுக்குகிறார்கள் என்று 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் எழுதியது. ஒருவர் போய்க் கேட்டதால் வெளிவந்தது. சாதியை இதேபோல் யார் போய்க் கேட்டார்கள்?

2024 செப்டம்பர் 9 அன்று சாம்சங் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். டிவி, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் செய்கிறவர்கள். ஒரு மாதத்துக்கும் மேல் வெயிலிலும் மழையிலும் உட்கார்ந்தார்கள். தங்கள் சங்கத்தை அங்கீகரிக்க வேண்டும் என்பது முதன்மைக் கோரிக்கை. அந்தப் போராட்டத்துக்கு நம் வணக்கம். அதே மூச்சில் தொழிற்சங்கத் தோழர்களிடமும் கேட்கிறோம். ஒப்பந்தக்காரரின் கீழ் துப்புரவு வேலை செய்பவருக்கும் கேன்டீனில் தட்டுக் கழுவுபவருக்கும் உங்கள் சங்கத்தில் இடம் உண்டா? நிர்வாகிகள் பட்டியலில் அவர்கள் எத்தனை பேர்? பார்ப்பனியம், முதலாளித்துவம் என்று தொழிலாளிக்கு எதிரி இரண்டு என 1938-இல் மன்மாடில் ரயில்வேத் தொழிலாளர்களிடம் பாபாசாகேப் சொன்னார். ஒன்றை மட்டும் எதிர்த்தால் பாதிப் போராட்டம்தான்.

சாதியைக் கேட்பதே சாதியத்தை வளர்க்கும் என்று உடனே ஒரு வாதம் வரும். அமெரிக்காவில் நூறு பேருக்கு மேல் வேலைக்கு வைத்திருக்கும் தனியார் கம்பெனிகள், எந்தப் பதவியில் எந்த இனத்தவர் எத்தனை பேர் என்று அரசுக்கு அறிக்கை தர வேண்டும் என்ற முறை 1966-இல் வந்தது. தென்னாப்பிரிக்காவில் 1998ஆம் ஆண்டுச் சட்டம் அதையே செய்தது. வட அயர்லாந்தில் 1989-இல் வந்த சட்டப்படி கத்தோலிக்கர் எத்தனை, புராட்டஸ்டன்ட் எத்தனை என்று கம்பெனிகள் கணக்குக் கொடுக்கின்றன. இனவெறியும் மதவெறியும் கணக்கெடுத்ததால் பிறக்கவில்லை. அவை முன்பே இருந்ததால்தான் கணக்கெடுத்தார்கள். அங்கே ஆலை வைத்து அறிக்கை தரும் பன்னாட்டுக் கம்பெனிகளுக்கு, இங்கே வந்து சேர்ந்ததும் அந்தப் பழக்கம் ஏன் மறந்துபோகிறது?

நம் நாட்டில் என்ன நிலை? பங்குச் சந்தையில் இருக்கும் முன்னணி 1,000 கம்பெனிகள் சமூகப் பொறுப்பு அறிக்கை தர வேண்டும் என்று செபி விதி வைத்திருக்கிறது. ஊழியர்களில் பெண்கள் எத்தனை, மாற்றுத்திறனாளிகள் எத்தனை என்று அதில் எழுத வேண்டும். தேவையான கணக்குதான். பட்டியல் சாதியினர் எத்தனை என்று ஒரு கட்டம் அதில் இல்லை. ஊழியர் பட்டியலிலேயே கட்டம் இல்லாத போது அதிகாரி நாற்காலியில் நம்மைத் தேடுவது எப்படி?

தனியார் கம்பெனி, அரசு தலையிட முடியாது என்பார்கள். நிலம் கொடுக்கும்போது மட்டும் அரசு வேண்டுமா? 1971-இல் தொடங்கிய சிப்காட் நிலம் எடுத்துக் கொடுக்கிறது. சாலை, தண்ணீர், மின்சாரம், வரிச்சலுகை எல்லாம் மக்கள் பணம். 2011 கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டு மக்களில் 20 விழுக்காடு பட்டியல் சாதியினர். அந்தப் பணத்தில் நம் பங்கும் இருக்கிறது. எனவே கோருகிறோம்: தமிழ்நாடு அரசிடம் சலுகை பெறும் ஒவ்வொரு கம்பெனியும், இயக்குநர் முதல் ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளி வரை, பதவிவாரியாகச் சாதிக் கணக்கை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். ஒப்பந்தத்திலேயே இதை நிபந்தனையாக எழுத வேண்டும்.

அரசு செய்யும் வரை காத்திருக்க வேண்டாம். எம்.பி.ஏ., பி.பி.ஏ., எம்.எஸ்.டபிள்யூ. படிக்கும் தம்பி தங்கைகளே, உங்களுக்குத்தான் இந்தப் பகுதி. ப்ராஜெக்ட் என்று ஒரு மாதம், ரெண்டு மாதம் இதே கம்பெனிகளுக்குப் போகிறீர்கள். 'ஊழியர் மனநிறைவு' என்று சீனியர் செய்த தலைப்பையே பெயர் மாற்றிச் செய்து பைண்டு போட்டுக் கொடுக்கிறீர்கள். அந்தக் கேள்வித்தாளில் நாலு கேள்வி சேருங்கள். நேர்முகத்தில் சொந்த ஊர், தெரு, அப்பா தொழில் கேட்டார்களா? நிரந்தரம், ஒப்பந்தம், பயிற்சியாளர் என்ற மூன்று வகையில் யார் எதில் இருக்கிறார்கள்? மூன்று ஆண்டில் பதவி உயர்வு பெற்றவர்கள் யார், அதே இடத்தில் நிற்பவர்கள் யார்? சாப்பாட்டு மேசையில் யாரோடு யார் உட்காருகிறார்கள்?

ஒன்றை மட்டும் கவனத்தில் வையுங்கள். பதில் சொல்பவரின் பெயரையோ எண்ணையோ எழுதாதீர்கள். விருப்பமில்லாதவரைக் கட்டாயப்படுத்தாதீர்கள். தாளை கம்பெனிக்குள் வைத்து நிரப்பச் சொல்லாதீர்கள். உங்கள் மதிப்பெண்ணுக்காக ஒருவர் வேலை போகக்கூடாது. வழிகாட்டிப் பேராசிரியர் 'இது மேனேஜ்மென்ட் டாபிக் இல்லையே' என்று சொன்னால், தோரட் ஆய்வையும் ஜோத்கா ஆய்வையும் அவர் மேசையில் வையுங்கள். அதற்கும் மறுத்தால் அந்த மறுப்பையே எழுதி வையுங்கள். அதுவும் ஒரு தரவுதான்.

நம் உழைப்பை நொடி நொடியாக அளந்தவர்கள் நம் இடத்தையும் அளந்து காட்டட்டும். காட்ட மறுத்தால் நாமே அளப்போம்.

ஜெய் பீம்!